ஆயுர்வேதம்: அறிந்து பயன்படுத்துவோம்

சாம்பியன் ரீப்ஸ் பகுதியில் லைன் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. வீட்டில் யாருக்காவது சளி பிடித்தால் என்ன செய்கிறார்கள்? சுக்கு தட்டிப் போடுகிறார்கள். மிளகு, திப்பிலி சேர்க்கிறார்கள். கஷாயம் வைத்துக் கொடுக்கிறார்கள்.

சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் உண்டு. அதுதான் திரிகடுகம். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் மூன்றும் சேர்ந்தால் திரிபலா. இந்த இரண்டும் ஆயுர்வேதத்தில் உள்ளன. நம் சித்த மருத்துவத்திலும் உள்ளன.

ஆயுர்வேதம் என்றால் என்ன?

'ஆயுள்' என்றால் வாழ்நாள். 'வேதம்' என்றால் அறிவு. வாழ்நாளைப் பற்றிய அறிவே ஆயுர்வேதம். இது இந்தியாவின் பழைய மருத்துவ முறை. இதன் நூல்கள் வடமொழியில் உள்ளன. சரகர், சுசுருதர், வாக்படர் ஆகியோர் பெயரால் மூன்று பெரிய நூல்கள் உண்டு. சரகரின் நூல் மருந்து பற்றி விரிவாகச் சொல்கிறது. சுசுருதரின் நூல் அறுவை சிகிச்சை பற்றிச் சொல்கிறது. அறுந்த மூக்கைச் சரிசெய்யும் முறைகூட அதில் இருக்கிறது.

சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் ஒன்றல்ல. சித்த மருத்துவ நூல்கள் தமிழில் உள்ளன. ஆனால் இரண்டுக்கும் பொதுவான கருத்துகள் பல உண்டு.

வாதம், பித்தம், கபம்

உடலை மூன்று தன்மைகள் நடத்துகின்றன என்று ஆயுர்வேதம் சொல்கிறது.

வாதம்: உடலின் அசைவுகளுக்குக் காரணம்.
பித்தம்: செரிமானத்துக்கும் உடல் சூட்டுக்கும் காரணம்.
கபம்: உடலின் உறுதிக்கும் வழுவழுப்புக்கும் காரணம்.

இந்த மூன்றும் அளவாக இருந்தால் நலம். கூடினாலும் குறைந்தாலும் நோய். இது ஆயுர்வேதத்தின் கொள்கை. அதனால்தான் வைத்தியர் நோயை மட்டும் பார்ப்பதில்லை. சாப்பாடு, தூக்கம், வேலை, பருவகாலம் எல்லாவற்றையும் கேட்கிறார். நேரத்துக்கு உண்பது, அளவாக உண்பது, நன்றாகத் தூங்குவது ஆகியவையும் இந்த மருத்துவத்தின் பகுதிகள்.

மூலிகைக்குள் மருந்து

சர்ப்பகந்தி என்று ஒரு செடி உண்டு. அதன் வேரை வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். அது இரத்தக் கொதிப்பைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் சோதித்துப் பார்த்தார். 1949இல் அதை எழுதி வெளியிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தைப் பிரித்து எடுத்தார்கள். உலகமெங்கும் அது பயன்பட்டது.

ஆனால் அந்த மருந்து அளவு மீறினால் மனச்சோர்வு வரும் என்பதும் பிறகு தெரிந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? மூலிகைக்கு வலிமை உண்டு. வலிமை உள்ள பொருளுக்குத் தீமை செய்யவும் முடியும். 'பச்சிலைதானே, ஒன்றும் செய்யாது' என்று நினைப்பது தவறு.

தங்கவயலும் இருமலும்

சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. ஆழம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். அங்கே பாறையை உடைத்தார்கள். துளை போட்டார்கள். வெடி வைத்தார்கள். அப்போது நுண்ணிய கல்தூசி கிளம்பியது. அந்தத் தூசி மூச்சு வழியே நுரையீரலில் படிந்தது. நுரையீரல் இறுகிப்போனது. இந்த நோய்க்கு சிலிகோசிஸ் என்று பெயர். 1940களிலேயே தங்கவயல் தொழிலாளர்களிடம் இந்த நோயைப் பற்றி ஆய்வு நடந்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. ஆனால் தூசி நோய் அத்துடன் தீராது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் அது வெளிப்படலாம். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் வரும்.

இப்படி ஒரு பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

"டாக்டரம்மா, எனக்குக் கப இருமல். ஒரு நல்ல லேகியமா கொடுங்கம்மா."

"எத்தனை நாளா இருமல் இருக்கு, பெரியவரே?"

"ரெண்டு மாசம் இருக்கும்மா. சாயந்தரம் கொஞ்சம் காய்ச்சல் அடிக்குது. உடம்பும் இளைச்சுப் போச்சு."

"சுரங்கத்துல வேலை பார்த்தீங்களா?"

"இருபது வருஷம் கீழே இறங்கியிருக்கேம்மா."

"அப்போ லேகியம் இருக்கட்டும். முதல்ல அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்க. சளியைப் பரிசோதனை பண்ணட்டும். எக்ஸ்ரே எடுக்கட்டும். சுரங்கத்துல வேலை பார்த்ததையும் மறக்காம சொல்லுங்க."

நல்ல வைத்தியர் இப்படித்தான் சொல்வார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை கட்டாயம். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மருந்தை முழுமையாகச் சாப்பிட்டால் பெரும்பாலோருக்கு நோய் குணமாகும். காலம் கடத்தினால் உயிருக்கு ஆபத்து. வீட்டில் உள்ளவர்களுக்கும் பரவும்.

சிலிகோசிஸை முழுமையாகக் குணமாக்கும் மருந்து இதுவரை எந்த மருத்துவ முறையிலும் இல்லை. மூச்சுத் திணறலைக் குறைக்கச் சிகிச்சை உண்டு. பீடி, சிகரெட்டை அடியோடு விட வேண்டும். 'நுரையீரலைக் கழுவிப் புதிதாக்குவோம்' என்று சொல்லிப் பணம் கேட்பவரை நம்பக் கூடாது.

மருந்து வாங்கும் முன்

சில ஆயுர்வேத மருந்துகளில் பாதரசம், ஈயம் போன்றவை சேர்கின்றன. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. 14 மருந்துகளில் ஈயம், பாதரசம் அல்லது ஆர்சனிக் இருந்தது. ஈயம் இரத்தத்தைக் குறைக்கும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

ஆகவே இவற்றைக் கவனியுங்கள்:

1. வைத்தியர் முறையாகப் படித்துப் பதிவு செய்தவரா? ஆயுர்வேதத்துக்கு ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு.

2. மருந்துச் சீட்டில் தயாரித்தவர் பெயர், உரிம எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி இருக்கின்றனவா? பெயரில்லாத பொட்டலத்தை வாங்காதீர்கள்.

3. சர்க்கரை நோய், இரத்தக் கொதிப்பு, காசநோய் மருந்துகளைத் தாமாக நிறுத்தாதீர்கள். வேறு மருந்து சாப்பிட்டால் இரண்டு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

4. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கேட்காமல் எந்த மருந்தும் கொடுக்காதீர்கள்.

5. நெஞ்சுவலி, இரத்த வாந்தி, பாம்புக்கடி என்றால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

6. சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அத்தகைய விளம்பரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

சுக்குக் கஷாயம் சாதாரணச் சளிக்கு இதமாக இருக்கும். எந்த இருமலுக்குக் கஷாயம், எந்த இருமலுக்கு எக்ஸ்ரே என்று தெரிந்துகொள்வதும் மருத்துவ அறிவுதான்.

சொல் - பொருள்

லேகியம் - மருந்துப் பொடியுடன் வெல்லம், நெய், தேன் சேர்த்துக் கிளறியது
உரிமம் - அரசு தரும் அனுமதி
காலாவதி - பயன்படுத்தும் காலம் முடிதல்

விடை எழுதுங்கள்

1. திரிபலாவில் உள்ள மூன்று காய்கள் எவை?
2. சுரங்கத் தொழிலாளிக்கு சிலிகோசிஸ் எப்படி வருகிறது?
3. எத்தனை நாள் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும்?
4. உங்கள் வீட்டில் உள்ள ஒரு மருந்துப் புட்டியை எடுங்கள். அதன் காலாவதித் தேதியைப் படித்து எழுதுங்கள்.

கலந்து பேசுங்கள்

உங்கள் லைனில் நீண்ட நாள் இருமலால் துன்பப்படுபவர் இருக்கிறாரா? அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல என்ன உதவி செய்யலாம்?