முதல் செலவு ஷூவுக்கு

கேள்வி: அடுத்த வாரம் ஓட்டல் சமையலறையில் உதவியாளராகச் சேரப்போகிறேன். என்ன உடுத்திக்கொண்டு போவது?

பதில்: சட்டையைப் பற்றிக் கவலைப்படுமுன் காலைக் கவனியுங்கள். சமையலறைத் தரையில் தண்ணீரும் எண்ணெயும் எப்போதும் சிந்திக் கிடக்கும். ரப்பர் செருப்போடு கொதிக்கும் சாம்பார் அண்டாவைத் தூக்கினால் வழுக்குவதும் வெந்துபோவதும் ஒரே நொடியில் நடந்துவிடும். ஆகவே கையிலிருக்கும் காசில் முதல் செலவு, முன்பக்கம் மூடிய, அடிப்பாகம் வழுக்காத ஷூவுக்குத்தான். கேன்வாஸ் ஷூ உதவாது. சிந்தும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும்.

துணியில் பருத்தியைத்தான் சொல்வேன். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். கேஸ் அடுப்பின் சுவாலை அதைவிடப் பல மடங்கு சூடு. பருத்தியும் தீப்பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் உருகித் தோலோடு ஒட்டாது. "இந்த வெக்கையில் முழுக்கைச் சட்டையா?" என்பீர்கள். நியாயம்தான். இருந்தாலும் 180 டிகிரியில் பொரியும் எண்ணெய் தெறித்தால் வெறுங்கை என்ன செய்யும்? செஃப் கோட்டின் மார்பில் துணி இரண்டடுக்காக இருப்பதும் அழகுக்காக மட்டுமல்ல, சூட்டைத் தடுக்கவும்தான். ஏப்ரனைச் சட்டென்று அவிழ்க்கும்படி முடிச்சுப் போடுங்கள். மோதிரம், வாட்ச் வேண்டாம். அழுக்கு தங்கும் இடங்கள் அவை. கோயில் கயிற்றைக் கழற்றி எறிய மனம் வராவிட்டால் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது. தலைக்குத் தொப்பி அவசியம். உணவுப் பாதுகாப்பு விதிகளும் அதைச் சொல்கின்றன. யூனிஃபார்ம் தருவார்களா என்பதைச் சேருமுன்பே கேட்டுவிடுங்கள். சட்டை கொடுக்கும் ஓட்டல்களிலும் ஷூ பெரும்பாலும் உங்கள் பொறுப்பாகத்தான் இருக்கும்.