பிள்ளையை யார் கையில் கொடுத்து அனுப்புகிறோம்?



போன மாதக் கூட்டத்தில் ஒரு உறுப்பினர், "மேடம், நீங்க அமெரிக்காவுல இருந்தீங்களாமே, அங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்று கேட்டார். சம்பளத்துக்கு எந்த வேலையும் பார்க்கவில்லை, ஒரு பால்வாடியில் சம்பளமில்லாமல் உதவிக்குப் போனோம் என்றதும் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "எம்.எஸ்.டபிள்யூ. படிச்சுட்டு ஆயா வேலையா?" என்று கேலி வேறு. அந்தப் பால்வாடியில் நடந்த ஒரு விஷயத்தைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

2017 முதல் 2019 வரை ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு வேலை விசா. கூடப் போகிற மனைவிகள் எல்லாருக்கும் அங்கே சம்பள வேலை பார்க்க அனுமதி கிடைத்துவிடாது. காலையில் அவர் கிளம்பிப் போனால் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மாடி வீட்டில் ஒரு ஆந்திரப் பெண்ணும் இதே நிலைமையில் இருந்தார். இரண்டு பேரும் பேசி முடிவு பண்ணி, பக்கத்தில் இருந்த ஹெட் ஸ்டார்ட் பள்ளியில் போய்க் கேட்டோம். இந்தக் கட்டுரையில் "நாங்கள்" என்று வருகிற இடமெல்லாம் நாங்கள் இருவரும்தான்.

ஹெட் ஸ்டார்ட் என்றால் நம்ம ஊர் அங்கன்வாடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் காலத்தில், 1965-ல், வறுமை ஒழிப்புத் திட்டத்தின் பகுதியாகத் தொடங்கியது. நம் நாட்டில் ஐ.சி.டி.எஸ். தொடங்கியது 1975-ல். அங்கேயும் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் முதலிடம், கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் ஏழைகளா என்று கேட்காதீர்கள். இரவு வேலைக்குப் போய்விட்டு அதே உடையில் பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிற தாய்மார்களை நிறையப் பார்த்தோம்.

நமக்கெல்லாம் பிடிக்கிற ஒரு விஷயம் அந்தத் திட்டத்தில் உண்டு. மத்திய அரசு பொதுவாக 80 சதவீதம்தான் பணம் தரும். மீதி 20 சதவீதத்தை அந்தந்த ஊரில் திரட்டிக் காட்ட வேண்டும். அது ரொக்கமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இலவசமாக உழைக்கிறவர்களின் நேரத்துக்கும் ஒரு மதிப்புப் போட்டுக் கணக்கில் சேர்க்கலாம். அதனால் போகும்போதும் வரும்போதும் நோட்டில் மணி எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். வீட்டிலும் குழுவிலும் நாம் கொட்டுகிற உழைப்பை யாராவது இப்படி எழுதி வைத்திருக்கிறார்களா? அதை இன்னொரு மாதம் பேசுவோம்.

போன அன்றே பிள்ளைகளோடு விளையாட விட்டுவிடுவார்கள் என்று நினைத்துப் போனோம். நடக்கவில்லை. டி.பி. பரிசோதனை, கைரேகை, போலீஸ் விசாரணை என்று ஒரு மாதத்துக்கு மேல் இழுத்தது. ஏதோ திருடிகளைப் பார்க்கிற மாதிரி பார்க்கிறார்களே என்று எங்களுக்குக் கோபம்கூட வந்தது. உள்ளே போன பிறகும் கெடுபிடிதான். உதவிக்கு வருகிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரைப் பிள்ளைகளோடு தனியாக விடக் கூடாது என்பது அங்கே சட்டம். சம்பளம் வாங்குகிற ஊழியர் ஒருவர் கண்ணெதிரே இருக்க வேண்டும். 3 வயதுப் பிள்ளைகள் வகுப்பில் 17 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது, அந்த 17 பேருக்கு டீச்சர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் கட்டாயம். எங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

தீபாவளிக்குக் கடலை உருண்டை பிடித்துக்கொண்டு போனோம். வாசலிலேயே டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை ஒன்று அந்த வகுப்பில் இருந்தது. கொஞ்சம் உள்ளே போனாலே மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்து ஆகிவிடுமாம். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்று சமையலறையில் பட்டியலே ஒட்டியிருந்தது. நாங்கள் அதைப் படிக்கவே இல்லை.

இனி நடந்ததைச் சொல்கிறோம். நான்காவது வாரம், சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற நேரம். ஒரு பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. டீச்சர் அதைக் கழுவிவிடப் போனார். இன்னொருவர் மற்றப் பிள்ளைகளுக்குக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் நாங்கள் நின்றோம். வயசான ஒருவர் வந்தார். நாலு வயசுப் பையன் ஒருவன் "தாத்தா" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டான். அவர் கண் கலங்கிவிட்டது. எங்களுக்கு ஊரில் இருக்கிற அப்பா ஞாபகம். பையன் பையை எடுத்துக் கொடுத்து, கதவைத் திறந்துவிட்டு, கையசைத்து அனுப்பியும் வைத்தோம். திறந்தது எங்கள் இருவரில் யார் என்று மட்டும் கேட்காதீங்க.

வெளிக்கதவில் அலுவலகப் பெண் அவரை நிறுத்திவிட்டார். அடையாள அட்டை கேட்டார், கோப்பை எடுத்துப் பார்த்தார். அந்தப் பையனைக் கூட்டிப்போகலாம் என்று தாய் எழுதிக் கொடுத்த மூன்று பேரில் தாத்தா பெயர் இல்லை. தாய்க்குப் போன் போட்டார்கள். வேலையிடத்திலிருந்து அந்தப் பெண் இருபது நிமிஷத்தில் ஓடி வந்தாள். விஷயம் பிறகுதான் தெரிந்தது. கணவனைப் பிரிந்து வாழ்கிறாள், பிள்ளை அவளோடு இருக்க வேண்டும் என்று கோர்ட் உத்தரவு இருக்கிறது. போன வருஷம் கணவன் வீட்டார் பிள்ளையைக் கூட்டிப்போய்ப் பத்து நாள் திருப்பி அனுப்பவில்லை. அவள் எங்களைத் திட்டவில்லை. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அவர் கெட்டவர் என்று சொல்ல இன்றைக்கும் எங்களுக்கு மனசு வரவில்லை. ஆனால் அதை முடிவு செய்கிற இடத்தில் நாங்கள் இல்லையே.

மறுநாள் பொறுப்பாளர் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. நடந்ததை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். உதவிக்கு வந்தவர்களைக் கதவுப் பக்கம் நிற்கவிட்டது எங்கள் தப்பும்தான் என்று அவரும் அதே தாளில் எழுதினார். இந்த ஒன்று எங்களுக்கு ரொம்பப் பெரிசாகத் தெரிந்தது. நம்ம பக்கம் ஒரு தவறு நடந்தால் ஆயா தலையில் கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு கதவுப் பக்கம் ஊழியர் மட்டுமே நிற்பது என்று ஆனது. எங்களுக்குச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளோடு உட்கார்கிற வேலை, பல் தேய்த்துவிடுகிற வேலை. ஊர் திரும்பும் வரை போனோம்.

இதை இப்போது ஏன் எழுதுகிறோம் தெரியுமா? போன ஐப்பசியில் நம் கூட்டமைப்புக் கிராமம் ஒன்றில் மூன்று வயதுப் பெண் குழந்தை இரண்டு மணி நேரம் காணாமல் போனது உங்களில் பலருக்குத் தெரியும். நாற்று நடப் போன தாய் திரும்பி வந்தால் பால்வாடி பூட்டியிருக்கிறது, பிள்ளை இல்லை. ஏரி நிரம்பிக் கிடந்த நேரம். ஊரே ஏரிக்கரைக்கு ஓடியது. கடைசியில் பார்த்தால், சைக்கிளில் போன உறவுக்காரப் பையன் மழை வருகிறதே என்று குழந்தையை ஏற்றிப்போய்ப் பக்கத்து ஊர் அத்தை வீட்டில் விட்டிருக்கிறான். டீச்சருக்கு அன்று மீட்டிங். ஆயாவுக்குப் பையனைத் தெரியும், அதனால் கொடுத்துவிட்டார். யாரும் கெட்டது நினைக்கவில்லை. அந்த ஆயாவை நாலு பேர் அடிக்கப் போனபோது எங்களுக்கு அந்த ஒஹாயோ கதவுதான் ஞாபகம் வந்தது.

அந்தக் கிராமத்துக் குழுக்கள் மூன்றும் டீச்சரோடும் ஆயாவோடும் உட்கார்ந்து பேசி, 40 பக்க நோட்டு ஒன்று போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். கூட்டிப்போகக் கூடியவர் மூன்று பேர் பெயர், போன் நம்பர், தாயின் கையெழுத்து அல்லது கைநாட்டு. எட்டு வயசு அக்கா, ஏழு வயசு அண்ணன் பெயரெல்லாம் எழுதக் கூடாது என்று அவர்களே முடிவு செய்தார்கள். அதில்தான் பெரிய சண்டை. "நடவு நேரத்துல நாங்க எப்படி வர்றது?" என்று கேட்டார்கள், நியாயம்தானே. அதனால் நடவு, அறுப்பு நாட்களில் குழுவுக்கு ஒருவர் முறைவைத்துப் பால்வாடிக்குப் போய், தாய்மார் வரும்வரை ஆயாவோடு இருக்கிறார்கள். பிள்ளையை யாரிடமும் ஒப்படைக்கிற வேலை அவர்களுக்குக் கிடையாது, அது டீச்சரும் ஆயாவும் மட்டும்.

ஒரு பாட்டி மட்டும் இன்னும் கோபமாக இருக்கிறார். மருமகள் அவர் பெயரை எழுதவில்லை. ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை.

உங்கள் ஊரில் இந்த மாதக் கூட்டத்தில் பேசிப் பாருங்கள். நேற்று உங்கள் பிள்ளையைப் பால்வாடியிலிருந்து கூட்டி வந்தது யார்? அவர் கையில் கொடுக்கச் சொல்லி யார் சொன்னது? பிள்ளைக்கு ஆகாத சாப்பாடு, மருந்து எதுவும் இருந்தால் டீச்சருக்குத் தெரியுமா? முறைவைத்துப் போக உங்கள் குழுவில் எத்தனை பேர் தயார்? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, அடுத்த மாதம் களப்பணியாளர் வரும்போது காட்டுங்கள்.