முளைப்பயறு மீது விழுந்த பழி

கேள்வி: என் மருமகளுக்கு, நோய் எதிர்ப்பு அணுக்கள் சொந்த உடம்பையே தாக்கும் லூபஸ் நோய் இருக்கிறது. முளைகட்டிய பயறு ஆகவே ஆகாது என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதிலிருந்து சுண்டலைக்கூட அவள் தொடுவதில்லை. இந்தத் தடை எங்கிருந்து வந்தது?
– வாசகி, ஈரோடு

பதில்: அம்மா, பச்சைப்பயறை நிறுத்த வேண்டாம். தடை உண்மைதான், ஆனால் அது வேறொரு செடிக்கு உரியது. உங்கள் பக்கத்தில் மாட்டுத் தீவனமாகப் பயிரிடுகிறார்களே, ஊதாப் பூப் பூக்கும் குதிரைமசால், அதுதான் அந்தச் செடி. அமெரிக்காவில் அதற்கு அல்ஃபால்ஃபா என்று பெயர். அங்கே அதன் விதையை முளைகட்டி, பச்சையாகவே சாலட்டில் போட்டுச் சாப்பிடுவார்கள்.

ஓரிகன் மாநிலத்துக் குரங்கு ஆராய்ச்சி மையத்தில் ரெனே மாலினோ என்ற ஆய்வாளர் ரத்தக் கொழுப்பைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தார். அல்ஃபால்ஃபா அதற்கு நன்றாகவே உதவியது. ஆனால் அந்த விதைப் பொடியை நாள்தோறும் நிறையச் சாப்பிட்டுவந்த ஒருவருக்குக் கொழுப்போடு சேர்ந்து ரத்த அணுக்களும் குறைந்தன, மண்ணீரல் வீங்கியது. பொடியை நிறுத்தியதும் தேறிவிட்டார். இது 1981இல் லான்செட் இதழில் வந்தது. மறு ஆண்டு சயன்ஸ் இதழில் இன்னும் பெரிய செய்தி: அல்ஃபால்ஃபா முளை தின்ற குரங்குகளுக்கு லூபஸ் போன்ற நோயே வந்திருந்தது. அப்படி நோய் கண்ட குரங்குகளுக்கு, அந்த முளையில் உள்ள கனவனின் என்ற அமினோ அமிலத்தை மட்டும் தீனியில் கலந்து கொடுத்தபோது நோய் மறுபடி தலைதூக்கியது. 1983இல், அடங்கியிருந்த லூபஸ் அல்ஃபால்ஃபா மாத்திரை சாப்பிட்ட பிறகு கிளம்பியதாக இரண்டு நோயாளிகளைப் பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். தடை பிறந்த கதை இவ்வளவுதான்.

கனவனின் என்பது பூச்சிகளிடமிருந்து விதையைக் காக்கச் செடி வைத்திருக்கும் நஞ்சு. நம் உடம்பு புரதம் கட்டப் பயன்படுத்தும் ஆர்ஜினினைப் போலவே இருப்பதால், செல்கள் ஏமாந்து அதையும் சேர்த்துக் கட்டிவிடுகின்றன. அந்தப் புரதம் கோணலாகிவிடுகிறது. எல்லாப் பயறிலும் இது கிடையாது. பச்சைப்பயறு, உளுந்து, தட்டைப்பயறு இருக்கும் குடும்பக் கிளையில் கனவனின் இருப்பதில்லை. நம் ஊர்க் காய்களில் தம்பட்டங்காயின் முற்றிய கொட்டையில் உண்டு. அதை ஒதுக்கிவிடுங்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. பசி எடுக்கவும் உடம்பு தேறவும் ‘அல்ஃபால்ஃபா டானிக்’ என்று ஒரு பாட்டில் பல வீடுகளில் இருக்கிறது. லூபஸில் இளைத்துப்போன பிள்ளைக்கு அதைப் பாசத்தோடு வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. பயறைப் பறித்துவிட்டு இதை ஊட்டினால், விலக்க வேண்டியதைக் கொடுத்து, கொடுக்க வேண்டியதை விலக்கியதாக ஆகும். வீட்டு அலமாரியைப் பாருங்கள். இருந்தால் எடுத்துப் போட்டுவிடுங்கள்.

முளைப்பயறைப் பச்சையாக மட்டும் கொடுக்காதீர்கள். ஈரத்துணிக்குள் கதகதப்பில் முளை விடும்போது கிருமியும் கூடவே பெருகும். நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து சாப்பிடுகிறவருக்கு அந்தக் கிருமி ஆபத்து. இட்லித் தட்டில் பரப்பி, நசுக்கினால் மசியும்வரை ஆவியில் வேக விட்டு, தாளித்துத் தேங்காய்ப்பூ தூவிக் கொடுங்கள்.

கேள்வி: லூபஸுக்குப் பூண்டும் ஆகாதாமே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பூண்டில் உள்ள கந்தகப் பொருள்கள் நோய் எதிர்ப்பு அணுக்களைத் தூண்டக்கூடும் என்ற எண்ணத்தில் பிறந்த எச்சரிக்கை இது. லூபஸில் அந்த அணுக்கள் ஏற்கெனவே தறிகெட்டுத்தான் நிற்கின்றன. ஆனால் ரசத்தில் தட்டிப் போடும் பூண்டால் நோய் கூடும் என்று நிரூபணம் ஆகவில்லை. பூண்டு கேப்ஸ்யூல் வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு நிச்சயம் வேண்டாம்.

கேள்வி: லூபஸ் என்றாலே ஊறுகாயை நிறுத்தச் சொல்கிறார்களே, நோய்க்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: நோயைவிட மருந்துக்குத்தான் சம்பந்தம் அதிகம். 1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தில் படுத்துக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் நோபல் பரிசு வந்தது. சீக்கிரமே லூபஸுக்கும் ஸ்டீராய்டு வந்து எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் அந்த மருந்து உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், அகோரப் பசியைக் கிளப்பும், சர்க்கரையை ஏற்றும், எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை உருவும். முகம் உப்புவதும் காலில் மெட்டி இறுகுவதும் அதனால்தான். மருந்தைத் தானாக நிறுத்திவிடக் கூடாது, அது பேராபத்து. தட்டைத்தான் மாற்ற வேண்டும்.

நாள் முழுவதற்கும் ஒரு டீஸ்பூன் உப்பு, அதாவது 5 கிராம், என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்கும் வைத்த மேல் வரம்பு. ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு இவற்றில் எதைத் தொட்டாலும் அந்த வரம்புக்குள் நிற்பது கஷ்டம். நாகர்கோவில்காரர்களுக்குக் கருவாட்டை விடச் சொல்வது எனக்கே சங்கடமாக இருக்கிறது. ஆனால் உங்கள் கரையில் நல்ல மத்தி கிடைக்கிறதே! அழற்சியைத் தணிக்கும் ஒமேகா-3 கொழுப்பு அதில் இருக்கிறது. வெயில் பட்டால் லூபஸ் கிளம்பும் என்று வெளியே வராமல் இருப்பவர்களுக்குக் குறைந்துபோகும் வைட்டமின் டி-யும் அதில் உண்டு. பொரிக்காமல், புளியை முன்னிறுத்தி உப்பைக் குறைத்துக் குழம்பு வையுங்கள். எலும்புக்குக் கேழ்வரகும் தயிரும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிறுநீரகத்தை லூபஸ் தொட்டிருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும். பருப்பு எவ்வளவு, மீன் எவ்வளவு, வாழைப்பழம் கூடுமா என்பதையெல்லாம் ரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.