எடை குறைந்த கூடாரம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜன சஞ்சாரமற்ற மலைகளில், வேண்டியதையெல்லாம் முதுகில் சுமந்துகொண்டு நாட்கணக்காக நடக்கும் வழக்கம் அமெரிக்காவில் பரவப் பரவ, எடை குறைந்த கூடாரத்தைப் பற்றிய அபிப்பிராயங்களும் கூடவே பரவியிருக்கின்றன. பாதி உண்மையை முழு உண்மையாகக் கொண்டதனால் விளைந்த சிலவற்றை இங்கே பரிசீலிப்போம்.

நம்பிக்கை: விடியற்காலையில் உட்புறம் ஈரமாயிருந்தால் துணி ஒழுகுகிறது என்று பொருள்.

உண்மை: மழையே பெய்யாத இரவிலும் இந்த ஈரம் உண்டாகும். உறங்குபவரின் சுவாசத்தில் வெளிப்படும் நீராவியும், மண்ணிலிருந்து எழும் ஈரமும், திறந்த வானத்தின் கீழ் உஷ்ணத்தை இழந்து குளிர்ந்துபோன துணியில் பட்டுத் துளிகளாகப் படிகின்றன. ஒற்றைத் துணிக் கூடாரத்தில் அத்துளிகள் நேரே படுக்கையில் விழும்; இரட்டைத் துணிக் கூடாரத்தில் உள்வலை பெரும்பாலும் தடுத்துக்கொள்ளும். காற்றோட்டத்துக்கு வழிவிடுவதும், ஓடைக்கரையையும் பள்ளத்தையும் தவிர்த்து, பட்டுப்போன கிளைகளில்லாத மரத்தடியில் சற்று மேடான இடம் தேடுவதுமே இதற்குப் பரிகாரம்.

நம்பிக்கை: கனமான கூடாரத்தில் குளிர் அண்டாது.

உண்மை: கூடாரம் காற்றையும் மழையையும் தடுக்குமேயன்றி உஷ்ணத்தை அதிகம் காப்பதில்லை. உடலின் சூடு பெருமளவு தரைவழியாகவே கழிந்துபோகிறபடியால், கூடாரத்தின் கனத்தைக் கூட்டுவதைக் காட்டிலும் நல்ல அடிமெத்தையைச் சுமப்பதே உசிதம்.

நம்பிக்கை: தானாக நிற்கும் கூடாரத்துக்கு முளை வேண்டியதில்லை.

உண்மை: ஆளில்லாத கூடாரத்தை ஒரு பலத்த காற்று உருட்டிக்கொண்டு போய்விடும். முளை இறங்காத பாறைத் தரையில் பெரிய கற்களில் கயிற்றைக் கட்டவேண்டும். நைலான் துணி நனைந்தால் தொய்ந்துபோகும் ஆதலால், மழை தொடங்கிய சற்று நேரத்தில் கயிறுகளை மறுபடி இழுத்துக்கட்டுவதும் அவசியம்; பாலியஸ்டர் அவ்வளவு தொய்வதில்லை.

நம்பிக்கை: எம்மா கேட்வுட் குளியலறைத் திரை ஒன்றோடு நடந்தார்; நமக்கும் ஒரு தார்ப்பாய் போதும்.

உண்மை: அம்மூதாட்டி 1955இல், தமது 67ஆம் வயதில், ஜார்ஜியாவிலிருந்து மெய்ன் வரை 3,200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலாச்சியன் பாதையைத் தனியே நடந்து முடித்தது மெய்தான். ஆனால் அந்தப் பாதை பெரும்பாலும் காட்டு மரங்களின் அரவணைப்பில் செல்வது. வழிநெடுக மூன்று பக்கம் அடைத்த மரக்கொட்டகைகளும் உண்டு. இடையிடையே ஊரார் வீடுகளிலும் அவர் தங்கினார். மேற்கு அமெரிக்காவிலுள்ள ஸியாரா நெவாடா மலைத்தொடரில், மரம் வளராத உயரத்தில் இடியும் ஆலங்கட்டியும் வரும்போது ஒதுங்குவதற்கு இத்தகைய துணை பெரும்பாலும் கிடையாது.

ஆகவே, கூடாரத்தைத் தேர்ந்தெடுப்பவர் எடையை முதலில் பாராமல், தாம் தங்கப்போகும் ஸ்தலத்தையும் பருவத்தையும் முதலில் பார்க்கவேண்டும். எடையைக் கணக்கிடும்போதும் முளை, கயிறு, உறை யாவற்றையும் சேர்த்தே நிறுக்கவேண்டும். வாங்கியபின் வீட்டு முற்றத்தில் கட்டி, தண்ணீர் ஊற்றி, ஓரிரவு அதனுள் படுத்துப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். குறையை மலையில் கண்டுபிடித்துப் பிரயோஜனமில்லை.