ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கு

ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நம் சென்னையின் கார். இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டு என்று வந்ததை 1961 முதல் இங்கே ஸ்டாண்டர்ட் நிறுவனம் தயாரித்தது. பெருங்களத்தூரில்தான் அவர்களுடைய ஆலை இருந்தது. இந்தக் காருக்கு நான்கு கதவு வைத்ததும் நாம்தான். அப்பா தன்னுடைய ஹெரால்டை ஒர்க்‌ஷாப்பில் விட்டதாக எனக்கு அதிகம் நினைவில்லை. முக்கால்வாசி வேலை வீட்டு வாசலிலேயே முடிந்துவிடும். இப்போது அந்தக் காரும் அவருடைய ஃபீலர் கேஜும் என்னிடம் இருக்கின்றன. உங்களிடமும் ஒரு ஹெரால்டு இருந்தால், இந்தக் குறிப்புகள் உதவும்.

செய்ய வேண்டியவை

பானெட்டை அடிக்கடி திறந்து பாருங்கள். இந்தக் காரில் மட்கார்டு, விளக்கு எல்லாமே சேர்ந்து முன்பாகம் மொத்தமும் முன்னால் சாய்ந்துவிடும். முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜினில் வேலை பார்க்கலாம். இன்று வரும் எந்தக் காரிலும் இந்தச் சுகம் கிடையாது. வேலை எதுவும் இல்லாவிட்டாலும், பனியன் வேஸ்ட்டால் ஒருமுறை துடைத்து வையுங்கள். சுத்தமான இன்ஜினில்தான் புதுக் கசிவு கண்ணில் படும்.

டேப்பட்டை நீங்களே செட் பண்ணுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், இடைவெளி கால் மில்லிமீட்டர். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, டாப் கியரில் போட்டு, காரை மெல்லத் தள்ளினால் இன்ஜின் சுற்றும். வால்வுகளை முன்னாலிருந்து ஒன்று முதல் எட்டு வரை எண்ணிக்கொள்ளுங்கள். எட்டாவது வால்வு முழுசாக அமுங்கி நிற்கும்போது ஒன்றாவதைப் பாருங்கள். ஏழாவது அமுங்கினால் இரண்டாவது. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும். சின்ன வயதில் காரைத் தள்ளுவது என் வேலை. ஒரு சாண் நகர்வதற்குள் “போதும், நில்லு” என்பார் அப்பா. ஃபீலர் கேஜின் தகடு இடுக்கில் நுழையும்போது லேசாகப் பிடித்து இழுக்க வேண்டும். தொளதொளவென்று போனாலும் தப்பு, முட்டி நின்றாலும் தப்பு. அந்தப் பிடி எப்படி இருக்கும் என்று என் விரலைப் பிடித்துத்தான் காட்டினார். சொல்லிப் புரியவைக்க முடியாது.

கழற்றிய பிளக்கை அப்படியே மாட்டிவிடாதீர்கள், நுனியைப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. வெளுத்திருந்தால் காற்று அதிகம்.

எல்லாவற்றையும்விட, ட்ரன்னியனுக்கு ஆயில் விடுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கி நிற்கும் இரும்புத் தண்டின் அடிநுனியில் மரை இருக்கும். அது ட்ரன்னியன் என்கிற வெண்கல உறுப்புக்குள் திருகி நிற்கிறது. நீங்கள் ஸ்டியரிங் ஒடிக்கும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அதற்கு வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேல் விளிம்பில் எண்ணெய் கசியும்வரை அடியுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, மழை ஓய்ந்தபின் ஒருமுறை என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

செய்யக்கூடாதவை

ட்ரன்னியனில் கிரீஸ் அடிக்க விடாதீர்கள். நிப்பிளைப் பார்த்ததும் எந்த மெக்கானிக்குக்கும் கை கிரீஸுக்குத்தான் போகும். கிரீஸ் மரையின் இடுக்குக்குள் ஒழுங்காக இறங்காது. நாளடைவில் காய்ந்து கட்டியாகி, பின்னால் விடும் ஆயிலுக்கும் வழி விடாது. உள்ளே ஈரம் சேர்ந்து இரும்பு அரித்துப்போகும், ஒருநாள் முறியும். எங்களுக்கு அது நடந்தது. வெளியூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் நல்ல எண்ணத்தோடுதான் கிரீஸ் அடித்துக் கொடுத்தார்கள். பல மாதம் கழித்து, வீட்டு கேட்டுக்குள் திருப்பும்போது படக்கென்று ஒரு சத்தம். இடது சக்கரம் மட்கார்டுக்கு அடியில் சாய்ந்து படுத்துவிட்டது. நடக்கிற வேகத்தில் வந்ததால் தப்பித்தோம். ஜி.எஸ்.டி. சாலையில் முறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காதீர்கள். பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கி, கார் சுழன்றுவிடும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள்.

பழைய ரப்பர் ஹோஸையே வைத்து ஓட்டாதீர்கள். இன்று பங்கில் போடும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி, வெடித்து, சூடான இன்ஜின்மேல் பெட்ரோல் சொட்டும். பம்ப்பின் டயஃப்ரமும் அப்படியே. எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். இறக்கிய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், கேனில் சேர்த்து வையுங்கள்.

கழற்றிய பழைய பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள். புதுப்பேட்டைக்கோ ஜி.பி. ரோடுக்கோ வெறுங்கையோடு போய் ஹெரால்டு பாகம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பழையதை மேசைமேல் வைத்துக் கேட்டால், மூன்று கடை தள்ளியாவது ஒரு பெரியவர் பரணில் கையை விடுவார்.

தார்ப்பாய் போட்டு மூடி, பத்திரமாக இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். நின்ற காரில் பிரேக் சிலிண்டர் இறுகும், பெட்ரோல் கெடும், வயரை எலி கடிக்கும். வாரத்துக்கு ஒருநாள் காலையில், நெரிசல் தொடங்குமுன், இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிவிட்டு வாருங்கள்.