பின்சக்கரம் தரையைப் பிடிக்க

தம்போய் தொழிற்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருப்பவர்களிடம் வருவது பெரும்பாலும் மைவியும் வீராவும் ஹைலக்ஸும்தான். இடையிடையே ஒரு ஃபோர்டு மஸ்டாங் ஜிடி வந்து நிற்கும். 2016-இல் வலப்பக்க ஸ்டியரிங்கோடு அது மலேசியாவுக்கு அதிகாரபூர்வமாக வந்த பிறகு, ஐந்து லிட்டர் வி8 எஞ்சினும் 400-க்கு மேல் குதிரைத்திறனும் கொண்ட வண்டி நம் ஸ்கூடாய் நெடுஞ்சாலையிலும் கண்ணில் படத் தொடங்கியது. கொண்டுவருபவர்கள் சொல்லும் குறை கிட்டத்தட்ட ஒன்றேதான்: “அண்ணே, மிதிச்சா பின்னால தடதடன்னு அடிக்குது, வண்டி பாய மாட்டேங்குது. மழைன்னா கேக்கவே வேணாம்.”

அப்படிச் சொல்பவரின் வண்டி பாதி நேரம் ஏற்கெனவே தாழ்த்தப்பட்டிருக்கும். கல் மாதிரி ஸ்பிரிங், அதைவிட இறுக்கமான அப்சோர்பர். பந்தய ஓடுதளத்தில் ஓடும் வண்டிகளைப் பார்த்து வந்த ஆசை அது. சாலையில் பிடி வேண்டுமென்றால் பின்பக்கம் அசைய வேண்டும் என்பதே இத்தனை வண்டிகளைத் தூக்கி இறக்கிய பிறகு என் உறுதியான எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். ஏறக்குறைய 1,700 கிலோ எடையுள்ள வண்டி. நிற்கும்போது பின்சக்கரங்கள் சுமப்பது அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. சக்கர இடைவெளி 2.72 மீட்டர். ஓங்கி மிதித்தால் முன்னிருந்து 150 கிலோ அளவுக்கு எடை பின்னே சாயும். அப்படியும் முதல் கியரில் சக்கரத்துக்கு வந்து சேரும் இழுவிசை, காய்ந்த சாலையில் டயர் தாங்கக்கூடியதைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஈரத்தில் இன்னும் மோசம். ஆகவே எந்த சஸ்பென்ஷன் வேலையும் முழு எஞ்சினையும் முதல் கியரில் தரைக்குக் கொண்டுவந்துவிடாது. டயர் வழுக்கும் எல்லைக்கு அருகில் வண்டியை அமைதியாக வைத்திருப்பதுதான் நம்மால் முடிந்தது. அதுவே பெரிய விஷயம்.

இன்னொன்று. 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் அந்த எடைமாற்றத்தில் குறைவது பத்துக் கிலோவுக்கும் கீழ்தான். உண்மையான இழப்பு வேறிடத்தில். வண்டி பின்னால் அமரும்போது மிச்சமிருக்கும் இடம் தீர்ந்து, பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். முட்டிய கணமே ஸ்பிரிங் பலமடங்கு இறுகியது போல ஆகிவிடும். லாரிகள் அழுத்தி ஒட்டுப்போட்ட ஜாலான் தம்போயில் அந்த நிலையில் ஒரு மேட்டில் ஏறினால் டயர் தரையை விட்டே எழும்பும். கூடவே கேம்பரும் கெடும். தாழ்த்தியபின் இரண்டு டிகிரிக்கு மேல் உள்ளே சாய்ந்த பின்டயர் உள்விளிம்பில் மட்டும் நிற்கிறது. 275 அகல டயருக்குக் காசு கொடுத்துவிட்டு அதில் பாதியைப் பயன்படுத்தாமல் விடுவதுதான் அது. சாலை வண்டிக்கு நான் பின்கேம்பரை ஒரு டிகிரி அளவிலேயே வைக்கிறேன், டோவைச் சிறிது உள்நோக்கி.

ஆனால் அலைன்மென்டுக்கும் முன்னே டயர். பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் வாரமும் ஆண்டும் இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். பூ (மேற்பள்ளங்கள்) நன்றாகத் தெரிந்தாலும் வெயிலில் காய்ந்து இறுகிய பழைய ரப்பர் ஈரத்தில் கைவிடும். ட்ரெட்வேர் 200 என்று போட்ட டயர் காய்ந்த சாலையில் அருமையாகப் பிடிக்கும். ஆனால் நவம்பரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில், தண்ணீர் தேங்கிய நெடுஞ்சாலையில், அதன் ஆழமில்லாத பள்ளங்களை நம்பி வீட்டுப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக நான் யாரையும் விடமாட்டேன். காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் அளக்க வேண்டும். வெப்பம் ஐந்தாறு டிகிரி கூடினால் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ ஏறும். மதியம் சூடான டயரில் பார்த்துக் காற்றைக் குறைத்தவர்கள் மறுநாள் காலை குறைந்த காற்றோடு ஓட்டுகிறார்கள்.

இனி அந்தத் தடதட. 2015 மாடலில் இருந்துதான் மஸ்டாங் வரிசை முழுவதும் தனித்தனி பின் சஸ்பென்ஷன் வந்தது. பின்னச்சின் பாகங்களையெல்லாம் தாங்கும் சப்ஃப்ரேம் பெரிய ரப்பர் புஷ்கள் வழியாக உடலோடு இணைகிறது. மிதித்ததும் டயரும் அந்த ரப்பரும் சேர்ந்து முறுக்கேறும். டயர் வழுக்கியதும் முறுக்கு விடும், உடனே மீண்டும் பிடிக்கும். மேசைமேல் அழிரப்பரை அழுத்தி இழுத்தால் துள்ளுமே, அதே கதை. இது நொடிக்குப் பலமுறை நடந்தால் ஆக்சில் தண்டே ஒடியலாம். அடித்தவுடன் காலை எடுத்துவிடுங்கள். தாண்டிவிடும் என்று மிதித்துப் பிடிக்காதீர்கள்.

மருந்து ஸ்பிரிங்கில் இல்லை, புஷ்ஷில் இருக்கிறது. சப்ஃப்ரேம் புஷ்ஷின் இடைவெளிகளை நிரப்பும் துண்டுகளைச் செருகுவது முதல் படி. அதிலேயே பலருக்குத் தடதட அடங்கிவிடும். அடங்காவிட்டால் டிஃபரன்ஷியல் புஷ். அங்கே போனால் கியர் முனகல் உள்ளே கேட்கும். குடும்பத்தோடு கோலாலம்பூர் போய்வரும் வண்டிக்கு அதுவரை போக வேண்டாம் என்பேன். பின் ஆன்டி-ரோல் பாரைத் தடிப்பாக்குவதும் வேண்டாம். வளைவிலிருந்து வெளியேறும்போது உள்சக்கரத்தின் பாரத்தை அது பறிக்கும். அப்சோர்பரில் திருகு இருந்தால் அமுங்கும் பக்கத்தை இளக்கத்திலிருந்து தொடங்கி, வண்டி ஒரு மேட்டைத் தாண்டி இரண்டாவது முறை ஆடாத அளவுக்கு எழும்பும் பக்கத்தை மட்டும் கூட்டுங்கள்.

2005 முதல் 2014 வரையிலான பழைய வண்டி, ஒற்றை ஆக்சில் உள்ளது, யாராவது வைத்திருந்தால் கதை வேறு. தாழ்த்தியதும் அதன் கீழ்க் கைகளின் முன்முனை பின்முனையைவிடக் கீழே போய்விடும். மிதிக்கும்போது டயரைத் தரையில் அழுத்தும் வடிவம் அதோடு கெடும். ஆக்சில் பக்க முனையைக் கீழே கொண்டுவரும் பிராக்கெட் போட்டால் திரும்பக் கிடைக்கும்.

எதை மாற்றினாலும் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி தேவையா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையைத் தேடிப் பார்க்க வேண்டுமானால் செப்பாங் பந்தய ஓடுதளம் இருக்கிறது. நள்ளிரவு நெடுஞ்சாலையில் மற்றவர் உயிரும் ஓடுகிறது.

கடைசியாகப் பட்டறைக்காரர்களுக்கு. ரப்பர் புஷ் உள்ள கைகளின் போல்ட்டுகளை வண்டி தொங்கும் நிலையில் இறுக்காதீர்கள். சக்கரங்கள் எடையைத் தாங்கி நிற்கும் உயரத்துக்கு இறக்கிவிட்டு, பிறகு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தொங்கும்போது இறுக்கிய புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து சீக்கிரம் கிழியும், அலைன்மென்டும் நிற்காது.