பரியுள் மறைந்த நரி

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயில் பண்டு திருப்பெருந்துறை எனப் பெயர் பெற்றிருந்தது. பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் பெரும்பொருளுடன் சென்ற திருவாதவூரரை இறைவன் ஆட்கொண்ட தலம் இதுவே. பின்னர் இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டிச் சென்றான் என்பதும், அவை நள்ளிரவில் மீண்டும் நரிகளாகி, இலாயத்தில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துவிட்டு ஓடின என்பதும் திருவிளையாடற் புராணம் கூறும் செய்திகள்.

மாணவர்களே! பகலிற் பொலிவுடன் நின்ற பரிக்குள் நரி மறைந்திருந்தது போல, நலமுடையதாய்த் தோன்றும் குதிரைக்குள் கொடுநோய் ஒன்று மறைந்திருத்தல் உண்டு. அதன் பெயர் கிளாண்டர்ஸ். குதிரை, கழுதை, கோவேறு கழுதை ஆகியவற்றைப் பெரிதும் பற்றும் இந்நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை 1882-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர்களான லோஃப்லரும் சூட்சும் பிரித்தறிந்தனர்.

நோய் முற்றினால் மூக்கிலிருந்து சீழ் ஒழுகும். மூக்கினுள்ளே புண்கள் தோன்றும். தோலின்கீழ்க் கட்டிகள் மணிக்கோவை போல வரிசையாய் எழுந்து உடையும். சில குதிரைகளிலோ, புறத்தே குறியொன்றும் தோன்றாமல் நெடுநாள் மறைந்து கிடக்கும். ஒரே தொட்டியில் நீர் அருந்தும் பிற குதிரைகளுக்கும், உடம்பு தேய்த்துத் தீனி வைக்கும் மனிதருக்கும் அது தொற்றும். தக்க மருத்துவம் பெறாத மனிதர் பிழைத்தல் அரிது. இதற்குத் தடுப்பூசி இன்றுவரை இல்லை. ஆதலின் சோதனையே காவலாகும்.

அச்சோதனை எவ்வாறு நிகழ்கிறது? நோய்க்கிருமியின் புரதத்தினின்று ஆக்கப்பட்ட மாலீன் என்னும் மருந்தில் 0.1 மில்லிலிட்டர் அளவைக் குதிரையின் கீழிமையிற் செலுத்தி, 48 மணி நேரம் கழித்து நோக்குவர். இமை மிக வீங்கிக் கண்ணிற் சீழ் கோத்தால் நோய் உண்டு என ஐயுறுவர். இம்மருந்தைக் கண்டவருள் ஒருவரான ருசிய நாட்டுக் கால்நடை மருத்துவர் கால்னிங் என்பவர் 1891-இல் அந்நோய்க்கே இரையானார். குருதியின் ஊநீரை ஆய்ந்தும் நோயை அறியலாம். அரியானா மாநிலத்து ஹிசாரிலுள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இத்துறையில் நம் நாட்டின் தலைமை நிலையமாகும்.

இந்நோயைத் தடுக்க 1899-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டிற் சட்டம் பிறந்தது. அடங்கியிருந்த நோய் 2006-இல் மகாராட்டிரத்தில் மீண்டும் தலைகாட்டிப் பல மாநிலங்களிற் பரவியது. நோயுற்றதெனத் துணியப்பட்ட குதிரையை வலியின்றி உயிர்நீக்கி ஆழப் புதைப்பர். உரியவர்க்கு அரசு இழப்பீடு வழங்கும்.

புதுக்கோட்டைச் சீமையில் எல்கைப் பந்தயம் நிகழும் நாளில் பல ஊர்க் குதிரைகள் ஓரிடத்திற் கூடும். அவற்றுள் ஒன்று நோயுற்றிருப்பின் கேடு ஊர்தோறும் செல்லும். மகவைப் போல வளர்த்த குதிரையை இழக்க யார் மனம் ஒப்பும்? இழப்பீட்டுப் பணம் அன்புக்கு ஈடாகாது. எனினும், அவ்வன்பினால் நோயை மறைப்பவன் தன் மக்களையும் அயலார் மக்களையும் இடருக்கு உள்ளாக்குகிறான்.

அன்று பரியுள் நரி மறைந்திருந்தது இறைவன் திருவிளையாடல்; அதனை அறிதல் மன்னனுக்கும் இயலவில்லை. இன்று மறைந்திருப்பது நோய்; அதனை அறியும் கருவி நம் கையில் உள்ளது. கருவியிருந்தும் கண்மூடியிருத்தல் நம் குற்றமேயாகும்.